மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்து வீடுகளின் வேலியோரக் கொட்டில்களில் இன்றும் நிற்கும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் பழம்பொருள் மோகத்தால் காக்கப்பட்டவை என்று வெளியூரார் எண்ணுவதுண்டு. ஆயினும் அவற்றின் பொனற்றைத் திறந்து வேலைசெய்வோரை அருகிருந்து பார்த்தால், இக்கார்கள் நீடித்ததற்கு மோகத்தைவிடத் தட்டுப்பாடும் அதனால் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த கையறிவும் கூடுதல் காரணம் என்பது புலப்படும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களிலும், 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையிலும், இலங்கைக்குப் புதிய கார்கள் வருவது அரிதாயிருந்தமையால், இருந்ததை ஓடவைப்பதே குடும்பங்களுக்கு எஞ்சிய வழியாயிற்று. சிறு கோளாறுக்கெல்லாம் கராஜுக்குப் போகாமல் முற்றத்திலேயே அதைத் தீர்க்கும் பழக்கம் அக்காலத்தில் ஊன்றியது.

முற்றத்து வேலைகளில் முதலில் பழக்கப்படுவது பொயின்ற் வைத்தல். தீப்பொறியை நான்கு சிலிண்டர்களுக்கும் முறைப்படி பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், தொட்டும் விலகியும் இயங்கும் இரு சிறு உலோக முனைகள் தெரியும், அவையே பொயின்ற். அவை விலகும் கணத்தில் கொயிலில் ஓடும் மின்னோட்டம் அறுபட்டு, அதனால் எழும் பல்லாயிரம் வோல்ற் அழுத்தம் பிளக்கின் முனையில் பொறியாகப் பாய்கிறது. என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் இம்முனைகள் அதே நிமிடத்தில் 6000 தடவை விலகவேண்டும் என்பதிலிருந்து, அவை ஏன் விரைவில் கருகிக் குழிவிழுகின்றன என்பதை உணரலாம். வேலைசெய்பவர் என்ஜினைக் கையால் மெல்லத் திருப்பி, முனைகள் மிகுதியாக விரியும் இடத்தில் நிறுத்தி, அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு தடிப்புள்ள அளவுத் தகட்டை இடையில் செருகித் திருகை இறுக்குகிறார்; அத்தகடு தாராளமாக வழுக்கவும் கூடாது, சிக்கவும் கூடாது, இழுக்கும்போது கொஞ்சம் பிடிக்கவேண்டும் என்பதுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் அளவு.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்து அவற்றின் நிறத்தைப் படிப்பது அடுத்தது: வெளிர்கபிலம் நல்ல எரிதலையும், உலர்ந்த கரி எரிபொருள் மிகையையும், எண்ணெய்ப் பிசுக்கு பிஸ்ரன் வளையங்களின் தேய்வையும் காட்டும். மொறிஸ் மைனரின் மின்சாரப் பெற்றோல் பம்ப் தன் நிலையை வாயால் சொல்லும் உறுப்பு எனலாம். சாவியைத் திருப்பியதும் டக் டக் என அடித்து, காபரேட்டர் நிறைந்ததும் அது அடங்கவேண்டும். அடங்காமல் படபடத்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, ஓசையே எழாவிட்டால் அதன் உள்முனை ஒட்டிக்கொண்டது. பின்னதற்கு ஸ்பானரின் பிடியால் ஒரு தட்டு. தொழிற்சாலைக் கைநூல் எழுதியோர் இம்மருத்துவத்தை விரும்பியிருக்கமாட்டார்கள்.

இந்த அறிவு கடுஞ்சோதனைக்கு உள்ளானது உள்நாட்டுப் போரில் அரசு 1990இல் குடாநாட்டின்மீது விதித்த பொருளாதாரத் தடையின்போது. பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்ட குடாநாட்டில், மட்டான அளவில் கிடைத்த மண்ணெண்ணெயே வாகன எரிபொருளாயிற்று. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறிய பின்னரே போதிய அளவு ஆவியாகும் என்பதால், சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைக் காபரேட்டருக்குச் சில துளி ஊட்டி என்ஜினை எழுப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானிய உழவு இயந்திரங்கள் சிலவற்றில் இதே முறை இரு தாங்கிகளோடு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருந்தது. குடாநாட்டில் அதை மருந்துப் போத்தலும் குழாயும் செய்தன.

எல்லாக் கார்களும் இதற்கு இணங்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. அழுத்தவிகிதம், அதாவது சிலிண்டருக்குள் இழுத்த கலவை எத்தனையில் ஒரு பங்காக நெரிக்கப்படுகிறது என்னும் கணக்கு, உயர்ந்த என்ஜின்களில் மண்ணெண்ணெய் பொறிக்கு முன்னரோ ஒழுங்கின்றியோ வெடித்து, உலோகத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் ஒலித்துப் பிஸ்ரனைக் கெடுக்கும். 1952 முதல் மொறிஸ் மைனரில் பொருத்தப்பட்ட 803 சிசி என்ஜினின் அழுத்தவிகிதம் 7.2 மட்டுமே, இன்றைய கார்களில் அது 10ஐ ஒட்டியது. இத்தாழ்வுக்கு ஒரு காரணமும் உண்டு. 1939 முதல் 1953 வரை பிரித்தானியாவில் வணிகப்பெயரின்றி ஒரே தரமாக விற்கப்பட்ட பெற்றோல் மட்டமானது. அதையும் சகிக்கும்படியே அக்கால என்ஜின்கள் வார்க்கப்பட்டன. ஒரு நாட்டின் தட்டுப்பாட்டுக்கென அமைந்த இரும்பு, நாற்பது ஆண்டு கழித்து வேறொரு நிலத்தின் தட்டுப்பாட்டையும் தாங்கியது. எஞ்சிய இடிப்பை, டிஸ்ரிபியூட்டரைச் சற்றே திருப்பிப் பொறியைப் பிந்தவைத்து அடக்கலாம். விசை குறையும், ஏற்றத்தில் கார் திணறும், ஆனால் யாழ்ப்பாணத்தில் ஏற்றம் ஏது?

பற்றரி தளர்ந்த இடத்தில் முன்பக்கத் துளையில் செருகிச் சுற்றும் கைப்பிடி உதவியது. அதைப் பிடிக்கும்போது பெருவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைக்கவேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால், சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும்.

மண்ணெண்ணெய் தன் கூலியைப் பின்னர் அறவிட்டது. எரியாது எஞ்சிய பகுதி சிலிண்டர் சுவரின் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடியிலிருந்த ஒயிலையும் நீராக்கிற்று. அளவுக்கோலை உருவி முகர்ந்தாலே அது தெரிந்ததாம். குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோதும், தேய்ந்த சுவர்களால் நீலப்புகை கக்கிய என்ஜின்களுக்கு முற்றத்து வைத்தியம் போதாது. அவற்றை முழுதாக இறக்கி, சிலிண்டரை அங்குலத்தின் ஆயிரத்தில் 20 அல்லது 40 பங்கு அகலக் குடைந்து, பெரிய பிஸ்ரன் போடவேண்டும். கடைசல் பட்டறையில் இந்த வேலைக்குப் பெயர் போர் அடித்தல். அச்சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பதை யாழ்ப்பாணத்தில் தனியே விளக்கவேண்டியிருக்கிறது.