பிளாங்கின் இருபத்தெட்டு கிலோ ஆடி

அடி மீனா,

2009 மே 14 அன்று கூரு ஏவுதளத்திலிருந்து ஒரே ஏரியான் ராக்கெட்டில் ஹெர்ஷல், பிளாங்க் என்று இரண்டு விண்வெளித் தொலைநோக்கிகள் ஜோடியாகக் கிளம்பினவே, ஞாபகம் இருக்கிறதா? ஹெர்ஷலுக்கு மூன்றரை மீட்டர் ஆடி, பெரிய இடத்துப் பெண். எனக்கென்னவோ அந்தச் சின்னவள் பிளாங்க் மேல்தான் கண்.

அவளுடைய முதன்மை ஆடி 1.9 மீட்டருக்கு 1.5 மீட்டர். எடை சுமார் 28 கிலோதான்டி! ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி மட்டும் 828 கிலோ. சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பார், ஹபிளுக்கு 180க்கு மேல், இவளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று.

எல்லாம் கார்பன் இழையின் வேலை. பிசின் ஊறிய இழைத் தாள்களை, அடுக்குக்கு அடுக்கு திசை மாற்றி அச்சின் மேல் பரப்பி, அழுத்திச் சூடேற்றி இறுக்குவார்கள். அப்படி இரண்டு மெல்லிய தகடுகள், நடுவே தேன்கூட்டு அறைகள், அதுவும் கார்பன்தான். முகத்துக்கு அலுமினியப் பூச்சு. சூடேறினால் பிசின் விரியும், இழையோ நீளவாக்கில் துளி சுருங்கும். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, வீடு நின்ற இடத்திலேயே நிற்குமே, அந்தக் கதைதான்.

ஹபிளுக்கும் இதையே வைத்திருக்கலாமே என்பாய். கண்ணுக்குத் தெரிகிற ஒளி பொல்லாதது. அதன் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கின் பாதி. மேற்பரப்பில் இழைத் தடம் லேசாகத் தெரிந்தாலே படம் கெட்டது. போதாததற்குப் பிசின் ஈரம் குடித்து வடிவம் மாறும். பிளாங்க் பார்த்தது 0.3 முதல் 10 மில்லிமீட்டர் வரையான அலைகளை. சில மைக்ரான் மேடுபள்ளத்தை அவை சட்டை செய்யாது.

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. விண்வெளியில் ஆடி மைனஸ் 230 டிகிரிக்குக் குளிரும். அந்தக் குளிரில் தேன்கூட்டு அறைகள் முகத்தில் வரிசையாகச் சின்னக் குழிகளாகப் பதிந்துவிடும். தரையில் குளிரூட்டிப் பார்த்தபோதே இது தெரிந்தது, தெரிந்தே அனுப்பினார்கள். வரிசையான குழி வருகிற அலையில் கொஞ்சத்தைப் பக்கவாட்டில் சிதறடிக்குமல்லவா? பிளாங்க் வியாழன் பக்கம் திரும்பியதும், அதைச் சுற்றி மங்கலான போலிப் புள்ளிகள்! அவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். பிரபஞ்சத்துக்கு 1380 கோடி வயது என்று சொன்னதும் அதே குழி விழுந்த ஆடியை வைத்துத்தான்.

உன்,
வசந்தா