‘ஆமா’ன்னு மட்டும் சொல்லாதீங்க!

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல நின்னு ‘வரதன்’னு ஒரு குரல் கொடுத்துப் பாருங்க. பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பாங்க. பெருமாள் பேரு அப்படி! எங்கப்பாவும் ஒரு வரதன்தான். ஊர் கூரம், தொழில் பட்டுத் தறி.

ரெண்டு வருஷம் முன்னாடி, “பாவுல இழை அறுந்தாகூட தெரிய மாட்டேங்குது”ன்னு அவர் சொன்னப்போதான் எங்களுக்கு உறைச்சுது. வலது கண்ணுல புரை. (குருவுக்காகத் தன் கண்களையே இழந்தார்னு சொல்வாங்களே, அந்தக் கூரத்தாழ்வான் பிறந்த ஊர்தான் எங்களுது. அப்பா அவ்ளோ பெரிய தியாகி இல்லீங்க!)

ஆபரேஷன் அன்னிக்குக் காலையில... ஆஸ்பத்திரி பேரு வேண்டாமே. பெஞ்சுல வரிசையா பத்துப் பேர், எல்லாருக்கும் ஒரே பச்சை கவுன். ஒரு சிஸ்டர் ஃபைலோட வந்தாங்க.

“வரதன்தானே?”

“ஆமாம்மா.”

“வலது கண்ணுதானே?”

“ஆமாம்மா.”

டிக், டிக். அவ்ளோதான், கூட்டிட்டுக் கிளம்பிட்டாங்க. நானும் பின்னாடியே போனேன். தியேட்டர் வாசல்ல இன்னொரு சிஸ்டர். நம்ம வயசுதான் இருக்கும். டிக் அடிச்ச ஃபைலைக் கையில வாங்கிட்டும் விடல. “ஐயா, உங்க பேரு, ஊரு, எந்தக் கண்ணு... நீங்களே சொல்லுங்க” அப்படின்னாங்க.

“வரதன். கூரம். வலது கண்ணு.”

ஃபைல்ல இருந்த ஊரு செய்யாறு! அது வேற வரதன். அவர் பாத்ரூம் போயிருந்தார். அவருக்கும் வலது கண்ணுதான்.

‘கண்ணு ஒண்ணுதானே, என்ன ஆகிடும்’னு நினைக்காதீங்க பாஸ். புரையை எடுத்துட்டு உள்ளே வைக்கிற லென்ஸோட பவர் ஆளுக்கு ஆள் மாறும். கண்ணை அளந்துதான் முடிவு பண்றாங்க. செய்யாறுக்காரர் லென்ஸ் எங்கப்பா கண்ணுக்குள்ள போயிருந்தா, மறுபடி ஒரு ஆபரேஷன்... தறி எப்போன்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

அப்புறம் இதைப் பத்தித் தேடிப் படிச்சேன். 2008-ல உலக சுகாதார நிறுவனம் ஒரே பக்கத்துல 19 விஷயம் இருக்கற ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்திருக்கு. மயக்க மருந்துக்கு முன்னாடி, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, தியேட்டரை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடின்னு மூணு தடவை நிறுத்தி, வாய்விட்டுக் கேட்கணும். ஆளு சரியா? இடம் சரியா? பஞ்சு, ஊசி எண்ணிக்கை சரியா? தியேட்டர்ல இருக்கற எல்லாரும் தன் பேரையும் வேலையையும் சொல்லணும்னுகூட அதுல இருக்கு. ஒரு தடவை வாயைத் திறந்தவங்க, தப்பு நடக்கும்போதும் திறப்பாங்கல்ல?

டாக்டர் அதுல் கவாண்டே டீம் இதை எட்டு நகரத்துல சோதிச்சுது. நம்ம டெல்லியும் அதுல ஒண்ணு. 2009-ல ரிசல்ட் வந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் இறந்தவங்க 1.5 சதவீதத்துலேர்ந்து 0.8 ஆனாங்க. சிக்கல்கள் 11-லேர்ந்து 7 சதவீதம். ஒரு பேப்பர்!

ஆனா ட்விஸ்ட் இருக்கு. கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல 101 ஆஸ்பத்திரியில இதையே கொண்டு வந்தாங்க. 2014-ல வந்த ரிசல்ட்: 0.71 சதவீதம் 0.65 ஆச்சு, அவ்ளோதான். பெரிய மாற்றமே இல்லை. இத்தனைக்கும் கிட்டத்தட்ட எல்லா கேஸ்லயும் செக்லிஸ்ட் போட்டதாத்தான் கணக்கு. நிஜமாவே கேட்டாங்களா, டிக் மட்டும் அடிச்சாங்களான்னு டாக்டர்களே சந்தேகப்பட்டாங்க. எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் சிஸ்டரோட ஃபைல்லயும் எல்லா டிக்கும் இருந்ததே!

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். அவர் கொஞ்சம்கூட அசரல. எங்க வீட்டுல கோர்வைப் புடவைக்கு ரெண்டு பேர் உட்காரணும். அப்பா உடம்பு நெய்வார், அம்மா ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ளுவாங்க. “உங்கம்மா ‘நில்லுங்க’ன்னா நான் நிறுத்தணும். யார் பெரியவங்கன்னு அங்க பார்க்க முடியுமா?”ன்னார்.

ஆறு மாசம் கழிச்சு இடது கண்ணு. அதே ஆஸ்பத்திரி, அதே வாசல், அதே சின்ன சிஸ்டர். அப்பா விறைப்பா நின்னு, “வரதன், கூரம், இடது கண்ணு”ன்னு அவரே ஆரம்பிச்சுட்டார்.

சிஸ்டர் சிரிக்கக்கூட இல்லை. “இருங்க ஐயா. ஃபைலைப் பிரிச்சுக்கறேன், அப்புறம் சொல்லுங்க.”