லிஸ்டில் இருக்கிற காலம்

கொரிய மொழித் தேர்வு பாஸ் என்றால் சித்தாண்டியில் ஆள் கொரியா போன மாதிரித்தான். மாமிமார் வந்து பார்ப்பார்கள், கடன்காரரும் கொஞ்சம் பொறுப்பார்கள். வந்தாறுமூலை கம்பஸில் கலைப்பீடம் படிக்கிற எங்கட செட்டிலேயே இரண்டு பேர் பாஸ். இரண்டு பேரும் இன்னும் இங்கதான்.

பாஸ் பண்ணினால் பெயர் வேலை தேடுவோர் பட்டியலுக்குத்தான் போகும். அங்குள்ள முதலாளி ஒருவர் தெரிவுசெய்தால்தான் ஒப்பந்தம், பிறகு விசா. தேர்வு முடிவு இரண்டு வருடமே செல்லும். அதற்குள் யாரும் எடுக்காவிட்டால் திரும்ப முதலிலிருந்து. எத்தனை பேரை எடுப்பது என்பதைக் கொரிய அரசு வருடாவருடம் தீர்மானிக்கிறது. 2024க்கு 165,000, 2025க்கு 130,000. அதுவும் பதினைந்துக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சேர்த்து. சியோலில் ஒரு இலக்கம் குறைந்தால் இங்கே ஒரு கல்யாணம் தள்ளிப்போகும்.

அமெரிக்காவிலும் காத்திருப்பு உண்டு. வேலைவழி நிரந்தர வதிவிடம் வருடத்துக்குச் சுமார் 140,000 பேருக்கு. ஒரு நாட்டுக்கு 7 வீதம்தான் உச்சம். அதனால் இந்தியாவில் பிறந்தவர்கள் பத்து வருடத்துக்கு மேலும் காத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு திகதி இருக்கு. எந்தத் திகதிவரை வந்திருக்கு என்று மாதாமாதம் அறிவிக்கிறார்கள். கொரியா லிஸ்டில் முந்திப் பதிந்தவர் முந்திப் போவார் என்றில்லை. வரிசை என்றால் முன்னால் நிற்கிறவர்களை எண்ணலாம். இதில் எண்ண ஒன்றுமில்லை.

எங்கட செட்டில் ஒருவன் கடைசி வருட ஆய்வுத் தலைப்பை இன்னும் கொடுக்கல்ல. கூப்பிட்டால் பாதியில் விடவேணுமே என்கிறான். மற்றவனுக்கு வருகிற ஆவணியோடு இரண்டு வருடம் முடியுது. சித்திரவேலாயுதர் கோயிலில் அவன்ட அம்மா வைத்த நேர்த்தி அப்படியே கிடக்கு.

"போகாத மச்சான்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரல்ல. 2017இல் வேலையில்லாப் பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வாரக்கணக்கில் இருந்தார்கள். இங்கே இருந்து படித்தாலும் காத்திருப்புத்தான்.

ஆனால் ஒன்று சொல்லலாம். கொரியா கூப்பிட்டால் போகட்டும். அதுவரை ஆய்வையும் எழுதட்டும். எடுப்பதும் விடுவதும் யாரோ ஒரு முதலாளியின் கையில். பட்டம் மட்டும் அவன்ட கையில் இருக்கு.