ஆர்தர் மோர்கனின் இருமல்

இண்டூர்ல ராத்திரி கிளினிக்கை மூடிட்டு வீட்டுக்கு வந்தா, எனக்கு ஒரு மணி நேரம் குதிரை சவாரி. 2018ல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கேம்லதான். கதை தெரிய வேணாம்னா இங்கேயே நிறுத்திக்கோங்க.

1899, அமெரிக்கா. நாயகன் ஆர்தர் மோர்கன் ஒரு கொள்ளைக்காரன். கடன் வசூலிக்கப் போன இடத்துல ஒரு ஏழை விவசாயியை அடிக்கிறான். அவர் இருமுறார். ரத்தம் இவன் முகத்துல தெறிக்குது. அப்பவே எனக்குப் பகீர்னுச்சு. ரொம்ப நேரம் ஆடின பிறகுதான் ஆர்தருக்கே தெரியுது: டிபி.

பனிமலை, துப்பாக்கிச் சண்டை எல்லாம் அருமைதான். ஆனா சாவு நிச்சயம்னு தெரிஞ்ச பிறகு, அந்த விவசாயியோட மனைவிக்கும் மகனுக்கும் உதவப் போறான் பாருங்க, அங்கதான் இது எனக்குப் பிடிச்ச கேம் ஆச்சு.

1882லயே ராபர்ட் கோக் கிருமியைக் கண்டுபிடிச்சிட்டார். முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940கள்லதான். ஆர்தரோட டாக்டரால ஓய்வெடுன்னுதான் சொல்ல முடிஞ்சது.

வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டு டிபியைக் குணமாக்கலாம்னு உலகத்துக்குக் காட்டியது 1959ல் வெளியான சென்னை ஆய்வு. இப்ப பெரும்பாலும் ஆறு மாசம், அரசு மருத்துவமனையில இலவசம்.

ஆனாலும் ஒரு அண்ணன் ரெண்டே மாசத்துல, "இருமல் நின்னுடுச்சு சார்"னு மாத்திரையை விட்டுட்டார். திரும்ப வந்தப்ப எலும்பும் தோலும். மறுபடி முதல்ல இருந்து. பிழைச்சுட்டார்.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? சளி டெஸ்ட் பண்ணுங்க. ஆர்தருக்குக் கிடைக்காத மாத்திரை உங்களுக்கு இருக்கு. பாதியில விட்டுடாதீங்க.