கட்டைவிரல் கணக்கு போதாது

சைக்கிள் டியூபில் காற்று போதுமா என்று பார்க்க எல்லோரும் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவார்கள். சைக்கிளுக்கு அது சரி. மனுஷன் தொண்டைக்குள் இருக்கும் பலூனுக்கு?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை, வாழை, நெல் என்று வருஷம் முழுக்க விவசாயம். கூடவே பூச்சிமருந்தும். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து உடம்புக்குள் போய்விட்டால் எச்சிலும் சளியும் பெருகும், மூச்சுவிடும் தசைகள் ஓயும். முதல் நாள் தேறியது போல இருந்த சிலருக்கு, 1 முதல் 4 நாட்களுக்குள் மூச்சுத் தசைகள் தளர்ந்துவிடுவதும் உண்டு. கம்பத்திலிருந்து சுமார் 50 கி.மீ. வந்தால் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. "வென்டிலேட்டர்ல வச்சிருக்காங்க" என்றதும் சொந்தக்காரர்களின் பார்வை முழுக்க அந்தப் பெரிய மெஷின் மேல்தான் இருக்கும்.

ஆனால் மூச்சுக்குழாய்க்குள் இறக்கிய டியூபின் நுனியருகே ஒரு சின்ன பலூன் இருக்கிறது. அதன் பெயர் கஃப். மெஷின் தரும் காற்று மேலே கசியாமலும், வாயில் ஊறும் எச்சில் நுரையீரலுக்குள் வழியாமலும் தடுப்பது அதுதான். எச்சில் பெருகும் விஷ நோயாளிக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

கஃப்பில் காற்று குறைந்தால் எச்சில் இறங்கி நிமோனியா வரலாம். கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவரில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண்ணாகும். பிழைத்து வீட்டுக்குப் போன பிறகு அந்த இடம் சுருங்கி மூச்சுத் திணறவும் செய்யலாம். 1984இல் சீகோபின், வான் ஹாசெல்ட் என்ற இருவர் உள்நோக்குக் கருவி வழியாகப் பார்த்து, 30 செ.மீ. நீரழுத்தத்தைத் தாண்டக்கூடாது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். இன்று வழக்கத்தில் உள்ள அளவு 20 முதல் 30. 25 என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அழுத்தம். அவ்வளவுதான்!

வெளியே தொங்கும் குட்டி பலூனை விரலால் அமுக்கி இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. அனுபவசாலிகளுக்கும் தப்பும். மானோமீட்டர் வைத்துத்தான் பார்க்கவேண்டும். ஒருமுறை பார்த்தாலும் போதாது. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தாலே அழுத்தம் மாறும். மீட்டரை மாட்டும்போதுகூடக் கொஞ்சம் காற்று வெளியேறும், அதையும் சரிசெய்யவேண்டும். அதனால்தான் ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது பார்த்து சார்ட்டில் எழுதும் பழக்கம்.

உயிரைக் காப்பாற்றுவது பெரிய மெஷின்தான். காப்பாற்றிய உயிர் சிரமமில்லாமல் மூச்சுவிடுமா என்பது இந்தச் சின்ன எண்ணிலும் இருக்கிறது. வெளியே காத்திருப்பவர்கள் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம்: "சிஸ்டர், கஃப் பிரஷர் பார்த்தாச்சுங்களா?"