பசியைப் படிக்கத் தெரிய வேண்டும்

அன்புள்ள பேரனுக்கு,

ராயல் பைத்தான் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் 'பால்' (ball, பந்து) பைத்தான் என்று சொல்கிற அதே பாம்புதான். உன் அம்மா பள்ளியில் படிக்கும்போது அடம்பிடித்து ஒன்றை வாங்கினாள். சுருண்டு கிடப்பதைப் பார்த்து முறுக்கு என்று பெயரும் வைத்தாள். அப்புறம் அவள் கல்லூரிக்குப் போனாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது, நீ பிறந்தாய். முறுக்கு மட்டும் லெஸ்டரில் என் வீட்டு முன்னறையிலேயே இருக்கிறது. அது உனக்கு மூத்தது. ஆகவே நான் சொல்லும் முதல் பாடம் கணக்குப் பாடம்.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்தப் பாம்பு 20, 30 ஆண்டுகள் இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961ல் ஒருவர் கொடுத்த பாம்பு, 2020ல் 7 முட்டைகள் இட்டது. அதன் வயது 62க்கு மேல் இருக்கும் என்று கணித்தார்கள். நீ வாங்கும் குட்டி உன் வாடகை அறைகளையும் வேலை மாற்றங்களையும் உன் கல்யாணத்தையும் பார்த்துவிடும். கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன், 'நான் ஊர் மாறினால் இதை யார் பார்ப்பார்கள்?' என்று உன்னையே கேள். 'தாத்தா இருக்கிறாரே' என்று நினைத்தால், தாத்தாவின் வயதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்.

இனி சாப்பாட்டு விஷயம். நம் ஆட்களுக்கு அன்பு என்றாலே சோறுதான். வந்தவரை 'சாப்பிட்டாயா?' என்போம், போதும் என்று கையால் மறைப்பவர் இலையில் இன்னொரு கரண்டி போடுவோம். நான் வளர்ந்த ஊரில் பாம்புப் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைப்பார்கள். பால் பாம்பின் உணவே இல்லை. தாகத்தில் தவிக்கிற பாம்பு எதிரே வைத்ததைக் குடிக்கும். பால் அதற்குச் செரிக்காது. புற்றில் ஊற்றிய பாலால் நிறைந்தது ஊற்றியவர் மனம் மட்டும்தான். கொடுக்கிற எதையும் பற்றி ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்தது: இது அதன் பசிக்கா, என் திருப்திக்கா?

முறுக்கின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மேற்கே செனகல் தொடங்கிக் கிழக்கே உகாண்டா வரை புல்வெளிகளிலும் விளைநிலங்களிலும் இருக்கும். எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகலைக் கழித்துவிட்டு இரவில் வெளியே வரும். எலி, சில சமயம் பறவை, இவைதான் இரை. சைவச் சமையல் நடக்கிற வீட்டில் எலியை எங்கே வைப்பது என்று உன் பாட்டி கேட்டது நியாயமான கேள்வி. பின்கட்டுக் கொட்டகையில் தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர் வைத்தோம். நம் சைவத்தைப் பாம்பின் மேல் ஏற்ற முடியாது. எலி பிடிக்காதென்றால் பாம்பு வளர்க்காதே, அது மரியாதையான முடிவு. வளர்க்க முடிவு செய்துவிட்டால் அதன் இரையைப் பார்த்து முகம் சுளிக்காதே.

உறைந்த எலிதான் வாங்க வேண்டும். உயிருள்ள எலியைக் கூண்டுக்குள் விட்டால், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். கண் போன பாம்புகளும் உண்டு. எலியின் பருமன் பாம்பின் உடம்பில் தடித்த பகுதியின் அளவுக்கு இருந்தால் போதும். குட்டிக்கு வாரம் ஒரு முறை, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு. வளர்ந்த பாம்புக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, எடையில் இருபதில் ஒரு பங்குக்குப் பக்கமாக. கேட்டபோதெல்லாம் போட்டால் கொழுத்துப்போய் ஆயுள் குறையும். முதல் நாள் இரவே எலியை மூடிய பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளக வை. மறுநாள் வெந்நீரில் அமிழ்த்தி உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவா. மைக்ரோவேவில் வைக்காதே, வெளியே வெந்தும் உள்ளே உறைந்தும் கிடக்கும். இந்தப் பாம்பின் உதட்டோரம் வரிசையாகச் சிறு குழிகள் உண்டு. இருட்டில் இரையின் சூட்டை அவற்றால்தான் அறிகிறது. ஆறிப்போன எலி அதற்கு இரையாகவே தெரியாது. நீண்ட இடுக்கியால் பிடித்து மாலை நேரத்தில் காட்டு. கையால் காட்டினால் எது எலி, எது விரல் என்று அது நின்று யோசிக்காது.

இவ்வளவும் செய்த பிறகு, அது தின்னாது.

பாம்பு வளர்ப்பில் ஆள் தேறுவதும் தோற்பதும் இந்த இடத்தில்தான். இந்த இனத்துக்கு விரதம் புதிதல்ல. குளிர்காலத்தில், இனப்பெருக்கக் காலத்தில், சும்மாவேகூட வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தலையைத் திருப்பிக்கொள்ளும். புதிதாக வளர்ப்பவர்கள் பயந்துபோய்த் தினமும் ஒரு எலியை மூக்கருகே ஆட்டுவார்கள். சிலர் வாயைத் திறந்து திணிக்கவே பார்ப்பார்கள். தொந்தரவு கூடக்கூட அது இன்னும் சுருண்டுகொள்ளும். நீ செய்ய வேண்டியது, சமையலறைத் தராசு ஒன்றும் நோட்டு ஒன்றும் வாங்குவது. எடை, இரை தின்ற தேதி, மறுத்த தேதி, சட்டை உரித்த தேதி எல்லாவற்றையும் எழுது. எடை நிலையாக இருந்தால் விட்டுவிடு. வாரம் கழித்துக் கேட்டுப் பார். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தாலோ, குட்டி மெலிந்தாலோ, ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோ. உன் பதற்றம் நாளுக்கு நாள் மாறும். நோட்டில் எழுதிய எண் மாறாது. பிற்பாடு பிள்ளை வளர்க்கும்போதும் கணக்கு வழக்குப் பார்க்கும்போதும் இந்தப் பழக்கம் உனக்கு உதவும்.

தின்னாத பாம்பைக் குறை சொல்லும் முன் அதன் வீட்டைப் பார். அதன் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெளிச்சூட்டில்தான் இரையும் செரிக்கும், நோயையும் அது எதிர்க்கும். கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 டிகிரிக்குப் பக்கம். எந்தச் சூடு வேண்டும் என்பதை அதுவே நகர்ந்து எடுத்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டோ விளக்கோ ஓடக்கூடாது. சுடுகிற இடத்தை விட்டு உடனே விலகத் தெரியாமல் வயிறு வெந்துபோன பாம்புகளை மருத்துவர்கள் நிறையப் பார்க்கிறார்கள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதே. இந்த நாட்டுக் குளிர்காலத்தில் ரேடியேட்டர் ஓடும் அறை வறண்டு போகும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடம் வை. ஒன்றுதான் இருந்தால், பாம்பு பாதுகாப்பையும் சூட்டையும் எதிரெதிரே வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். உடம்பை நீட்டிப் படுக்கும் நீளம் கூண்டுக்கு இருக்க வேண்டும். வளர்ந்த பெண் பாம்பு 4, 5 அடி வரும். பட்டினி கிடந்தவை பல, எலியை மாற்றாமல் கூண்டைச் சரிசெய்ததும் தின்னத் தொடங்கியிருக்கின்றன. ஒரு பிள்ளை முரண்டு பிடிக்கிறது, ஒரு வேலையாள் சோர்ந்திருக்கிறான் என்றால் நான் இப்போதெல்லாம் முதலில் அவர்கள் இருக்கும் இடத்தைத்தான் பார்க்கிறேன்.

கையில் எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். புதிதாக வந்தால் ஒரு வாரம் தொடாதே. இரை தின்றபின் இரண்டு நாளும் தொடாதே; கலவரப்பட்டால் கக்கிவிடும், கக்கினால் அதன் வயிறு தேற வாரங்கள் ஆகும். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருளும். பிரித்துப் பார்க்காதே, இறக்கி வைத்துவிட்டுப் போய்விடு. உன்னை அது தேடும், உனக்கு நன்றி காட்டும் என்றெல்லாம் எதிர்பார்க்காதே. உன் வாசனைக்குப் பழகும், உன் கையில் பதறாமல் ஊரும். அதற்கு மேல் அதனிடம் கேட்பது நம் தேவை. திரும்பக் கிடைக்காத இடத்தில் தவறாமல் செய்யப் பழகியவன், திரும்பக் கிடைக்கும் இடத்தில் கணக்குப் பார்க்க மாட்டான்.

சட்டை உரிக்கும் காலத்தில் கண் பாலாடை படர்ந்தது போலாகும். அப்போது அதற்குப் பார்வை மங்கும், கோபமும் வரும். இரை காட்டாதே. ஈரம் போதுமானால் சட்டை மூக்கு முதல் வால் வரை ஒரே துண்டாகக் கழன்றுவிடும். துண்டு துண்டாக வந்தால் உரித்துவிடக் கை பரபரக்கும்; உரிக்காதே. குறிப்பாகக் கண்மேல் தங்கிய செதிலைப் பிடுங்கினால் கண்ணே கெடும். ஈரப்பதத்தைக் கூட்டு, ஈரப்பாசி போட்ட பெட்டி ஒன்றை உள்ளே வை, காத்திரு. பிறர் தாமே முடிக்க வேண்டிய வேலையில் நம் பங்கு பெரும்பாலும் அவ்வளவுதான்.

மூச்சில் சீழ்க்கைச் சத்தம், வாயோரம் நுரை, தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகளாக மிதக்கும் உண்ணி, இவற்றைப் பார்த்தால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் கொண்டுபோ. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவு. ஊர்வனவற்றிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையும் என்னைப் போன்ற கிழவரும்தான் அதற்கு எளிதில் மாட்டுவார்கள்.

எங்கே வாங்குவது என்பதும் பாடம்தான். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து இந்தப் பாம்புகள் ஏராளமாக வெளிநாட்டுக்குப் போயிருக்கின்றன. அதே பெனினில் ஊயிதா நகரத்தில் இவற்றுக்கென்று கோயிலே இருக்கிறது. வோடுன் வழிபாட்டில் அங்கே இவை தெய்வத்தின் அடையாளம். காட்டில் பிடித்ததை வாங்காதே. கூண்டில் பிறந்து, உறைந்த எலியை உன் கண்முன்னே தின்கிற குட்டியாக வாங்கு. நிறத்துக்காக வாங்குவதானால் இன்னும் யோசி. 'ஸ்பைடர்' என்ற வகையின் கோலம் அழகு. அந்தக் கோலத்தைத் தரும் மரபணுவே தலையை ஆட்டவைத்து நிலைதடுமாறச் செய்கிறது. அழகுக்கு விலை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்து வாங்கு. சென்னையிலிருக்கும் உன் மாமா பையன் தனக்கும் ஒன்று கொண்டுவரச் சொன்னால் முடியாது என்று சொல். இந்தியாவில் 2022ல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு, 2024ல் விதிகளும் வந்தபின், இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிய வேண்டும். பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த பாம்புக் குட்டிகள் சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பிடிபட்ட செய்திகளை நீயும் படித்திருப்பாய்.

இவ்வளவு படித்த பிறகும் ஆசை இருந்தால், பாம்பை முதலில் வாங்காதே. கூண்டையும் தெர்மோஸ்டாட்டையும் வாங்கி, பாம்பில்லாத வெறுங்கூண்டை ஒரு மாதம் ஓடவிடு. காலையும் இரவும் சூட்டையும் ஈரப்பதத்தையும் நோட்டில் எழுது, தண்ணீரை மாற்று. பார்க்க எதுவும் இல்லாத கூண்டை ஒரு மாதம் சலிக்காமல் கவனிக்க முடிந்தால், அந்த நோட்டை எனக்கு அனுப்பு. குட்டிக்கான பணத்தை நான் தருகிறேன்.

உன்
தாத்தா