சுவருக்கு அப்பாலும் ஓர் உரிமை



திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், எங்கள் இல்லத்தின் பத்தடிச் சிற்றறையை ஒலிப்பதிவுக்கூடமாக அமைத்து வருகிறோம். பார்வை மங்கிய எங்கள் நன்னியும் அவரைப் போன்ற முதியோரும் கேட்டுப் பயன்பெற, நபிமார்களின் வரலாற்றைத் தமிழில் வாசித்துப் பதிவு செய்வதே நோக்கம். மைக் வாங்குவது எளிதாக முடிந்தது. எந்த மானிட்டர் ஸ்பீக்கர், அதனுடன் சப்வூஃபரும் வேண்டுமா என்பதில்தான் குடும்பத்தினரிடையே கருத்து வேறுபட்டது.

வீட்டில் கேட்பதற்கென விற்கப்படும் ஸ்பீக்கர்கள் பல, செவிக்கு இனிமை கூட்டவே செய்யப்படுபவை. ஸ்டுடியோ மானிட்டரின் பணி வேறு. மின்விசிறியின் இரைச்சல், வாசிப்பவரின் மூச்சொலி, தேய்ந்துபோன உச்சரிப்பு ஆகியவற்றை அது மறைக்காமல் காட்ட வேண்டும். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. ஒலியை நிறுக்கும் தராசும் நேர்மையாக இருக்க வேண்டுமல்லவா?

தஃப் முழக்கத்தையும் பிற்காலத்தில் பதிவு செய்யலாம், அதற்குச் சப்வூஃபர் தேவை என்றார் தம்பி. அவர் கூற்றையும் சீர்தூக்கிப் பார்த்தோம். ஆணின் பேச்சுக்குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை அமையும். பெண்ணின் குரல் அதனினும் உயர்ந்தது. சப்வூஃபரோ பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிக்கே பொறுப்பேற்கிறது. ஐந்தங்குல யமஹா எச்எஸ்5 மானிட்டரே 54 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. மேலும், பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி தானாகவே பெருகி நிற்கும். அத்தகைய அறையில் சப்வூஃபர் உண்மையைக் காட்டுவதைவிடக் காதை ஏமாற்றுவதே மிகுதி. தஃபின் அடியொலியை நல்லதொரு ஹெட்ஃபோனில் சரிபார்த்துக் கொள்ளலாம்.

முதுமையில் செவித்திறன் குன்றும்போது முதலில் தேய்வது உயர் அதிர்வெண்களே. ச, ஸ போன்ற ஒலிகள் மங்கிவிடும். ஆகவே நன்னிக்குத் தேவைப்படுவது அதிர்வன்று, சொற்களின் தெளிவே.

இவற்றினும் பெரிய காரணம் சுவருக்கு அப்பால் இருந்தது. எங்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் பொதுச்சுவர் ஒன்றே. அங்கே பச்சிளங்குழந்தை உறங்குகிறது. எங்கள் வேலையோ இஷாவுக்குப் பின்னரே தொடங்கும். 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். திரைச்சீலையோ மெத்தையோ அதைத் தடுக்காது. அண்டை வீட்டாருக்கு வாரிசுரிமையே வழங்கப்பட்டுவிடுமோ என்று எண்ணுமளவுக்கு அவர்களைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்தியதாக நபிகள் நாயகம் (ஸல்) கூறியுள்ளார்கள். மார்க்கச் செய்தியைப் பதிவு செய்வதற்காக மார்க்கம் காக்கச் சொன்ன உரிமையைப் பறிப்பது எவ்வாறு தகும்?

எனவே ஐந்தங்குல மானிட்டர் இரண்டு மட்டும் போதும் என முடிவு செய்தோம். இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய, ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்குமாறு வைக்கிறோம். மூலையில் வைத்தால் தாழொலி மிகும் என்பதால் அதைத் தவிர்க்கிறோம். சப்வூஃபருக்கென ஒதுக்கிய தொகையில், பதிவுகளைக் கேட்க முதியோருக்குச் சிறு ஆடியோ பிளேயர்கள் வாங்கித் தரவிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். தம்பியும் மனமுவந்து இசைந்தார்.

நம் வீட்டிலிருந்து எழும் ஓசை எவருக்கும் துன்பமாகாமல், கேட்போருக்குப் பயனாக அமைய அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.